அப்பாதுரை வீட்டில் கலெக்டர் முகாம்

அப்பாதுரையின் மனத்தாங்கல் நேற்று முளைத்ததல்ல. தோளில் சேவகனின் டவாலிப் பட்டை ஏறிய அன்றே அதுவும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. டவாலியையாவது ஞாயிற்றுக்கிழமை கழற்றி ஆணியில் மாட்டலாம். இதைக் கழற்ற வழியில்லை.

முன்சீப் கோர்ட்டில் அவன் சேவகன். சம்மனைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும், திரும்பி வர வேண்டும். அவன் உத்தியோகம் அவ்வளவுதான். வீடு புகுந்து அண்டா குண்டாவை ஜப்தி செய்கிற அமீனா வேறொரு மனுஷர். அவர் ஜட்காவில் போவார். அப்பாதுரை அந்த ஜட்காவுக்குப் பின்னால் புழுதியைத் தின்றுகொண்டு நடப்பான். ஆனால் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் எதற்கு? டவாலியில் பித்தளை வில்லை மாட்டியவன் எவனும் அமீனாதான். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று எந்தப் புண்ணியவான் சொல்லிவைத்தானோ தெரியாது. அவன் மட்டும் உயிரோடு அகப்பட்டால் முதல் சம்மன் அவனுக்குத்தான் என்று அப்பாதுரை பல்லைக் கடிப்பான்.

அவன் தெருவில் வந்தால் கதவுகள் சாத்திக்கொள்ளும். மழைக்கு ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கினால், "இந்த வூட்ல ஒரு பாக்கியும் இல்லியேப்பா" என்று உள்ளேயிருந்து குரல் வரும். பீடிக்கு நெருப்புக் கேட்டால் கொள்ளிக்கட்டையை வாசலுக்கு வெளியே நீட்டுவார்கள். அதையெல்லாம்கூட அவன் மறந்துவிடுவான். தங்கை புருஷன் ராஜவேலு செய்ததைத்தான் மறக்க முடியவில்லை. புது வீட்டுக் கிரகப்பிரவேசம். அப்பாதுரை ஒரு முழு வாழைத்தாரைத் தோளில் சுமந்துகொண்டு போனான். ராஜவேலு தெருவுக்கே ஓடிவந்து தாரை வாங்கிக்கொண்டான். "உள்ள ஓமப்புகை மச்சான், கண்ணு எரியும். இப்பிடிப் பந்தல்லயே உக்காருங்க" என்றான். தார் உள்ளே போயிற்று. அப்பாதுரை பந்தலில் சாப்பிட்டான். காக்கைக்கும் அவனுக்கும் அன்றைக்கு ஒரே பந்தி. கூடப்பிறந்தவள் கட்டிய வீட்டுக்கு எத்தனை அறை என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

பெண்சாதி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை குட்டி இல்லை. பிள்ளையார்பாளையத்தில் நெசவுத் தெரு முடிகிற இடத்தில் அவனுக்கு ஓர் ஓட்டு வீடு. ஊரில் ஒரே ஒருவராவது, ஒரே ஒரு தரமாவது, வாய் நிறைய "உள்ளே வா" என்று தன்னைக் கூப்பிட வேண்டும். அந்த ஆசையை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆளும் இல்லை. கிணற்று ராட்டினத்திடம் திட்டித் தீர்த்துக்கொள்வான். அதுவும் கிரீச்சென்று எதிர்த்துப் பேசும்.

அந்த வீட்டு வாசலுக்குத்தான் ஒருநாள் கங்கையம்மாள் வந்து நின்றாள். தலையில் மூங்கில் கூடை; கூடைக்குமேல் கோணி.

"அமீனா வூடு இதானாபா?"

"அமீனா வூடு பெரிய தெருவுல. இது சேவகன் வூடு. போ, போ."

"அப்ப நீ அமீனா இல்லியா?"

"இல்ல."

"அட, ஊரே உன்னை அமீனான்னு சொல்லுதே. நீ யாருக்கும் எடுத்துச் சொல்லலியா?"

அப்பாதுரை அவளை ஏற இறங்கப் பார்த்தான். இதை இத்தனை வருஷத்தில் யாரும் அவனைக் கேட்டதில்லை.

"பேரு இன்னா?"

"அப்பாதுரை."

"அப்பாதுரை தம்பி, கூடைக்கு ஒரு கை குடு. கழுத்து இத்துப்போச்சு" என்றபடி அவள் கேளாமல் கொள்ளாமல் உள்ளே வந்து, கூடத்தின் நடுவில் கூடையை இறக்கி, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "குடிக்கத் தண்ணி குடு" என்றாள். அவன் கொடுத்தான். சொம்பு முழுவதையும் குடித்துவிட்டுக் கோணியை விலக்கினாள். உள்ளே ஓர் ஆமை.

இனி கங்கையம்மாள் யார் என்று சொல்லிவிட வேண்டும்.

அவள் மாகறல்காரி. கட்டினவன் கல்யாணமாகி இரண்டாம் கோடையிலேயே வாந்திபேதியில் போய்விட்டான். அண்ணன் வீட்டில் கூடுதல் வாயாக இருக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. பாலாற்றங்கரைப் பக்கம் இஞ்சினீர் துரை பங்களாவில் புல் வெட்ட ஆள் வேண்டுமென்று கேள்விப்பட்டு, அரிவாளோடு நடந்தே வந்து சேர்ந்தாள். அவள் வந்த வேளைக்கு உள்ளே ஒரு வெள்ளைக் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. துரைசாணி ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம், சமையல்காரன் ஒரு பக்கம் நின்று பார்த்தார்களே தவிர ஒருவருக்கும் வகை தெரியவில்லை. கங்கையம்மாள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுக் குழந்தையை வாங்கி, தோளில் குப்புறப் போட்டு, முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள். ஓர் ஏப்பம். அழுகை நின்றது. அன்றோடு அவளுக்குப் புல் வெட்டுகிற வேலை போய், ஆயா வேலை வந்தது.

துரைகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், ஆயா மாறவில்லை. ஒரு குழந்தைக்குக் கேழ்வரகுக் களி ஊட்டிப் பழக்கினாள். ஒன்றுக்கு மாகறல் முருகனுக்கு வேண்டிக்கொண்டு காய்ச்சலை இறக்கினாள். ஒன்று அவளை "அம்மா" என்று கூப்பிட்டுத் துரைசாணியிடம் உதை வாங்கிற்று. நடக்கவும் பேசவும் கற்றுக்கொண்டு, சண்டை போடுகிற வயசு வந்ததும் ஒவ்வொன்றாகக் கப்பலேறிச் சீமைக்குப் போய்விடும். "கப்பல்காரனுக்குத்தான் வளத்துக் குடுத்தேன்" என்று சிரிப்பாள். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. இடுப்பு காலியாக இருந்தால்தானே அழ நேரம் கிடைக்கும்?

கடைசியாக வளர்த்தது லில்லி என்ற பெண். தோட்டக்காரன் கள்ளிவேலிக்குள் கண்டெடுத்த ஆமை அவளுடைய செல்லப்பிராணியாயிற்று. கறுத்த ஓடு, அதில் கட்டம் கட்டமாக மேடு, ஒவ்வொரு மேட்டின் உச்சியிலிருந்தும் மஞ்சள் கோடுகள் சூரியக் கதிர்மாதிரி கிளம்பும். அதற்குக் கலெக்டர் என்று பேர் வைத்தவர் லில்லியின் தகப்பன். துரைக்கு நிஜக் கலெக்டரைக் கண்டால் ஆகாது. "வருவதற்கு நேரமாகும், யாரோடும் பேசமாட்டார், ஏதாவது கேட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்வார்" என்று காரணமும் சொன்னாராம்.

அந்தத் துரையும் ஒருநாள் மூட்டை கட்டிவிட்டார். ரயிலடியில் லில்லி ஆயாவின் புடவையை விடவில்லை. "ஆயா, நான் திரும்பி வர்றப்ப கலெக்டர் இருக்கணும்" என்றாள். "இருப்பாரு கண்ணு. ஆமைக்கு ஆயுசு கெட்டி. நான் இல்லாட்டியும் அவரு இருப்பாரு" என்று கங்கையம்மாள் வாக்குக் கொடுத்தாள்.

வாக்குக் கொடுப்பது சுலபம். காஞ்சிபுரத்தில் ஆமைக்கு இடம் தேடுவதுதான் கஷ்டம். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் கூரையின்கீழ் படுத்தவள், தனக்கென்று ஒரு கூரை வேண்டுமென்று செவிலிமேட்டில் கையகலத் தரை வாங்கி, மண் மிதித்துச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தாள். அதுவரை வாடகைக்கு ஓர் அறை போதும். ஆனால் எல்லா வாசலிலும் ஒரே பதில்: ஆயாவுக்கு இடம் உண்டு, ஆமைக்குக் கிடையாது.

"பெருமாளே ஆமையா வந்துதானேமா நம்மூரு கச்சபேஸ்வரர் கோயில்ல சிவனைக் கும்பிட்டாரு?" என்று ஓரிடத்தில் வாதாடிப் பார்த்தாள்.

"கும்பிட்டுட்டுக் கோயில்லியே இருந்தாரு. எங்க வூட்டுக்கு வாடகைக்கா வந்தாரு?" என்று அந்த வீட்டுக்காரி கதவைச் சாத்தினாள்.

அப்போதுதான் தெருக்கோடியில் நின்ற எவனோ சொன்னான்: "அமீனா வூட்டுக்குப் போ ஆயா. அங்க அவன் ஏற்கெனவே பூந்துட்டான். ஆமையும் பூந்தா புதுசா இன்னா கெடப்போவுது?" எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள்.

"எனக்கு அது கேலியாப் படல தம்பி, விலாசமாப் பட்டுது. வந்துட்டேன்" என்றாள் கங்கையம்மாள், அப்பாதுரையின் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு.

அப்பாதுரைக்குச் சுருக்கென்றது. "எடுத்துக்கினு போ! ஊரு பேசுறது பத்தாதுன்னு இது வேறயா?"

"அண்ணன்கிட்ட மூங்கிலும் பனையோலையும் கேட்டு வாங்க மாகறல் போறேன். கூரை ஏறிட்டா நானே கூட்டிக்கினு போயிடுவேன். அதுவரைக்கும் வெச்சிரு."

"ஊர்ல அவங்கவங்க என்னைக் கண்டா பொருளை ஒளிக்கிறாங்க. நீ இன்னாடான்னா எங்கிட்டயே குடுத்து வெக்கிறே?"

"கொண்டுபோயி ஒப்படைக்கிறதுதானேபா உன் வேலை? அப்ப வெச்சிருந்து ஒப்படைக்கவும் தெரியும்" என்று எழுந்தாள். "உயிரோட திருப்பிக் குடுத்துடு. அவ்ளோதான்."

அவள் போன பிறகும் அப்பாதுரை கூடத்திலேயே நின்றான். அவனிடம் ஒரு பொருளை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் அதுவரை ஒருவரும் இல்லை. இந்த ஆமை செத்துவிட்டால், ஊர் சொல்லுவது சரிதான் என்று ஆகிவிடும். அமீனா கைபட்டது எதுவும் உருப்படாது.

ஆகவே பலமாகக் கவனிக்க வேண்டும் என்று முடிவு செய்தான். ஆமை என்றால் தண்ணீர். கோயில் குளத்தில் பார்த்திருக்கிறானே! கொல்லையில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, களிமண் பூசி, கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்து நிரப்பினான். இடுப்பு ஒடிந்துபோயிற்று. கலெக்டரை மரியாதையாக இரண்டு கையாலும் தூக்கி உள்ளே விட்டான். கலெக்டர் நாலு காலையும் படபடவென்று அடித்துக்கொண்டார்.

"பாரு, இன்னா சந்தோஷம்!" என்றான் அப்பாதுரை.

பக்கத்துக் கொல்லையில் மயில்வாகனம் பட்டுக்குச் சாயம் காய்ச்சிக்கொண்டிருந்தான். நெசவாளி, நாலு தறிக்குச் சொந்தக்காரன், ஊர் வம்பு முழுவதும் அவனுடைய மதில் வழியாகத்தான் போய்வரும். எட்டிப் பார்த்தான். "யோவ் அமீனா, அது நீந்துதா, முழுவுதா?"

"நீந்துது. உன் வேலையைப் பாரு."

"மூக்குல தண்ணி ஏறுதேய்யா! இது கட்டாமைய்யா, கள்ளிக்காட்டு ஆமை. கிணத்துல தள்ளினா நீயும் இப்பிடித்தான் நீந்துவே!"

அப்பாதுரை விழுந்தடித்துக்கொண்டு வெளியே எடுத்தான். கலெக்டர் இருமினார். ஆமை இருமி அவன் அப்போதுதான் முதன்முதலில் பார்த்தான். பிறகு தலை, வால், கால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு கல்லாகிவிட்டார்.

அதன் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. சோறு வைத்தான், பார்க்கவில்லை. வாழைப்பழம் பிசைந்து வைத்தான், எறும்புதான் தின்றது. கலெக்டர் ஆயிற்றே என்று கோழிமுட்டை அவித்து உரித்து வைத்தான். பூனை வந்து எடுத்துக்கொண்டு போயிற்று. கூடத்து மூலையில், ஈரம் அடிக்கிற சுவரோரம், கலெக்டர் அசையாமல் கிடந்தார். அப்பாதுரை எதிரில் குந்தி உட்கார்ந்து, ஊரில் எவரிடமும் பேசாத குரலில், "ஒரு வாய் துன்னுய்யா. என் மானம் உன் வாய்ல இருக்குது" என்று கெஞ்சினான். காலையில் கோர்ட்டுக்குப் போகுமுன் பார்ப்பான். வந்ததும் டவாலியைக் கழற்றுமுன் பார்ப்பான்.

மதிலுக்கு அப்பாலிருந்து மயில்வாகனம் கேட்பான்: "கலெக்டர் முகாம் எப்பிடி இருக்குது?"

"மனு வாங்க மாட்டேங்குறாரு" என்பான் அப்பாதுரை. வேடிக்கையாகச் சொல்லிவிட்டு, உள்ளே போய் இன்னொரு தரம் மூலையைப் பார்ப்பான்.

மாகறலிலிருந்து ஆள் வந்து சொன்னான்: மூங்கில் வண்டி கட்டியாகிவிட்டது, கங்கையம்மாள் புறப்படப் போகிறாள். அன்றைக்குக் கலெக்டருக்கு மூச்சு இருக்கிறதா என்று அப்பாதுரை மூக்கின்கீழ் விரலை வைத்துப் பார்த்தான்.

மறுநாள் காலை மயில்வாகனத்தின் பாவு தெருவில் ஏறியது. தெரு நீளத்துக்கும் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, அரிசிக்கஞ்சி தோய்த்து, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று தூரிகையால் நீவிவிடுவார்கள். வெயில் ஏறிக் கஞ்சி காய்வதற்குள் இழை இழையாகப் பிரித்துவிட வேண்டும். நடுவில் ஒருவர் கையை எடுத்தாலும் இழைகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் அந்தப் பாவு குப்பைக்குத்தான். அதனால் மயில்வாகனம், அவன் பெண்சாதி வரலட்சுமி, தறிக்காரர்கள் என்று வீட்டில் ஒரு ஜீவன் பாக்கியில்லாமல் தெருவில் நின்றார்கள். வீடு திறந்து கிடந்தது.

அப்பாதுரை டவாலியை மாட்டிக்கொண்டு மூலையைப் பார்த்தான். கலெக்டர் இல்லை! கொல்லைக் கதவின் கீழ்ப்பலகை இற்றுப்போன சந்து வழியாகப் போயிருக்கிறார். கொல்லை வழியாகச் சுற்றிக்கொண்டு அவன் தெருவுக்கு ஓடிவந்தபோது, கலெக்டர் பாவுக்கு அடியில், பட்டு நிழலில், தெரு நடுவே ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்.

"ஏ! ஆமை! ஆமை!" என்று முதலில் கத்தியவள் வரலட்சுமி. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஒருவரும் கையை எடுக்கவில்லை. எடுக்க முடியாது.

"யாராச்சும் புடிங்கடா!"

"நீ புடி!"

"என் கையில இழை!"

"என் கையில மட்டும் இன்னா, இட்லியா?"

கலெக்டர் இடமும் வலமும் பார்த்தார். நின்றார். யோசித்தார். பிறகு திரும்பி மயில்வாகனத்தின் வீட்டை நோக்கி நடந்தார்.

"ஐயையோ, என் வூட்டுக்குப் போவுதே! ஏ கலெக்டரு, திரும்புய்யா! எதிர்வூட்டுக்குப் போய்யா, அவங்களுக்கு நெலம் நீச்செல்லாம் இருக்குது!" என்று மயில்வாகனம் கூவினான். கலெக்டர் வாசற்படியில் ஒரு காலை வைத்தார். இன்னொரு காலை வைத்தார். படி தாண்டி உள்ளே போய்விட்டார்.

அப்பாதுரை பின்னாலேயே ஓடிவந்து வாசலில் சடக்கென்று நின்றான். இருபது வருஷத்துப் பழக்கம்; வாசற்படியைக் கண்டால் கால் தானாக நின்றுவிடும்.

"அண்ணே, இன்னா நிக்கிறீங்க? உள்ள போயி எடுங்க!" என்றாள் வரலட்சுமி.

மயில்வாகனம் பதறினான். "ஏமே, உனக்குப் புத்தி இருக்குதா? ஆமை பூந்தது போதாதுன்னு அமீனாவையும் உள்ள கூப்புடுறே?"

"ஆமை போயாச்சு. அது உள்ளயே குடித்தனம் பண்ணட்டும்ன்றியா? இல்ல, நீ கையை விட்டுட்டுப் போறியா?"

மயில்வாகனம் பாவைப் பார்த்தான். வீட்டைப் பார்த்தான். விட்டால் பாவு போச்சு. விடாவிட்டால் வீடு போச்சு. "சரிய்யா, போய்த் தொலை! சீக்கிரம் வா!" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

அப்பாதுரை டவாலியைக் கழற்றினான். பாவு கட்டியிருந்த மூங்கில் முளையில் அதை மாட்டினான்.

"அதை ஏண்ணே கழட்டுறீங்க?"

"அது உள்ள வந்தா அமீனா வந்த மாதிரி ஆயிடும். நான் மட்டும் போறேன்" என்று சொல்லிவிட்டுப் படி தாண்டினான்.

மஞ்சளும் கஞ்சியும் கலந்த வாசனை. தறிக்குழியில் பாதி நெய்த புடவை. மாடத்தில் விளக்கு. உத்தரத்தில் தொங்கிய பூசணிக்காய் தலையில் இடித்தது. வீடு என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். அங்கே பார்த்த காட்சியில் அப்படியே குந்திவிட்டான்.

முந்தின நாள் சாயம் காய்ச்சிய அடுப்பு. சாம்பல் இன்னும் கதகதப்பாக இருந்தது. பக்கத்தில் செம்பருத்திச் செடி. சாம்பல்மேல் வயிற்றை வைத்துக்கொண்டு, முதுகில் இளவெயில் பட, கழுத்தைக் கோயில் யானைத் துதிக்கைபோல நீட்டி, உதிர்ந்த செம்பருத்திப் பூவைக் கலெக்டர் தின்றுகொண்டிருந்தார். ஒரு பூ முடிந்தது. இன்னொன்று. உதட்டில் சிவப்பு ஒழுக, வெற்றிலை போட்ட மாப்பிள்ளைமாதிரி இருந்தார்.

தெருவில் பொறுமை போயிற்று. "உள்ள போனவன் இன்னா பண்றான்? ஜப்தி பண்றானா?" என்று மயில்வாகனம் கத்தினான்.

"சாப்புடுறாரு!" என்று உள்ளேயிருந்து அப்பாதுரையின் குரல் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு வந்தது. "கலெக்டர் சாப்புடுறாருய்யா!"

"தூக்கிக்கினு வாய்யா!"

"பாதி இலையில எழுப்புவாங்களா? முடிச்சுட்டு வருவாரு!"

வரலட்சுமிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அவளைப் பார்த்துப் பக்கத்துக்காரி சிரிக்க, அவளைப் பார்த்து அடுத்தவன் சிரிக்க, தெரு நீளத்துக்கும் பாவு குலுங்கியது. "சிரிக்காதீங்கடி, இழை அறும்! சிரிக்காதீங்கடா!" என்று அதட்டிய மயில்வாகனமே கடைசியில் வயிறு குலுங்கச் சிரித்தான். கைகள் மட்டும் இழையை விடவில்லை.

கஞ்சி காய்ந்து பாவைச் சுருட்டிய பிறகு மயில்வாகனம் கொல்லைக்கு வந்தான். ஆமையைத் திட்டத்தான் வந்தான். ஆனால் அதன் ஓட்டின்மேல் கண் போயிற்று. குனிந்து, மஞ்சள் கோடுகளை விரலால் தடவினான். "ஒரு கட்டத்துக்கும் இன்னொரு கட்டத்துக்கும் ஒரு கோடு தப்பலியே. எந்தத் தறியில நெய்ஞ்சாங்கடா இதை!" என்றான். வரலட்சுமி கூழ் கரைத்து வந்தாள். கொல்லையில் அல்ல, கூடத்தில், பலகை போட்டு, "உக்காருங்கண்ணே" என்றாள். அப்பாதுரை இரண்டு சொம்பு குடித்தான். கண்ணில் வேர்வை என்று சொல்லித் துண்டால் துடைத்துக்கொண்டான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு ஏறின பாவில் ஓர் இழைகூட அறவில்லை. அத்தனை குலுக்கலுக்கும் அறவில்லை. நெசவாளிக்கு இது போதாதா? பொழுது சாயுமுன் தெரு முழுவதும் பேச்சாகிவிட்டது: ஆமை அடியில் நடந்த பாவு அறாது. எதிர்வீட்டுக்காரன், கலெக்டரை "கிடக்கட்டும் சனியன்" என்று காலையில் வைதவன், பணிவாக வந்து நின்றான். "அப்பாதுரைண்ணே, நாளைக்கு எங்க பாவு ஏறுது. கலெக்டர் ஐயா ஒரு நடை அடியால நடந்துட்டுப் போனா..."

"முகாம்ல இருக்காரு. மனு போட்டுட்டுப் போ" என்றான் அப்பாதுரை.

கலெக்டருக்கு என்ன வேண்டுமென்று அவனுக்குப் புரிந்துவிட்டது: ஈரம் ஆகாது, சூடு வேண்டும், பூ வேண்டும். தண்ணீர்ப் பள்ளத்தைத் தூர்த்தான். பாலாற்றிலிருந்து மணல் சுமந்துவந்து வெயில் விழுகிற பக்கம் கொட்டினான். மயில்வாகனம் மதில்மேல் வழியாகச் சாய அடுப்புச் சாம்பல் கொடுத்தான். வரலட்சுமி செம்பருத்தியும் பூசணித் தோலும் கொடுத்தனுப்பினாள். சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து வத்ஸலா என்ற பெரிய வீட்டு அம்மாள் பட்டு வாங்க வந்தவள், "கூர்மாவதாரம் இங்கயா எழுந்தருளியிருக்கார்?" என்று எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். கலெக்டர் காலையில் மணலில் வெயில் காய்வார். உச்சிப்பொழுதில் வேலிக் கள்ளியின் நிழலில் ஒதுங்குவார். அப்பாதுரை கோர்ட்டிலிருந்து வந்து "ஐயா" என்றால் தலையை நீட்டுவார். கோர்ட்டில் எந்த அதிகாரியும் அவனுக்கு அப்படித் தலை காட்டியதில்லை.

மூங்கில் வண்டியோடு வந்து இறங்கிய கங்கையம்மாள் நேரே கொல்லைக்குப் போனாள். மணலில் கலெக்டர் பூசணித்தோலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"கொழுத்துட்டாருபா!" என்று கையைத் தட்டினாள்.

"தண்ணியில முக்கி எடுத்தாரு உங்க தம்பி. அதான் ஊதியிருக்குது" என்று மதிலிலிருந்து மயில்வாகனம் போட்டுக்கொடுத்தான். கங்கையம்மாள் முழுக் கதையையும் கேட்டாள்; பாவு கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள்; சிரித்துச் சிரித்து விலாவைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "எங்கிட்ட இருந்தது ஒவ்வொண்ணும் கப்பலேறிப் போயிடுச்சு. குடுத்தது திரும்பி வந்து இப்பத்தான் பாக்குறேன்" என்றாள்.

அதன் பிறகு அவள் ஏவிய வேலைகளுக்குக் கணக்கில்லை. "மூங்கிலை ஒரு பக்கம் புடி." "ஓலையை நனைச்சு வெய்." "கலெக்டருக்குப் பின்பக்கம் மணல் மேடு போடு, மழைத்தண்ணி அண்டக்கூடாது." "கதவுக்குக் கீழ சந்து விடாதேன்னு ஆசாரிகிட்ட சொல்லு." அப்பாதுரை ஒவ்வொன்றுக்கும் முணுமுணுத்தான். "நான் சர்க்கார் ஆளா, உன் ஆளா?" என்பான். சொல்லிக்கொண்டே செவிலிமேட்டுக்கு நடப்பான். கூரை ஏறிற்று. சுவருக்குச் செம்மண்ணும் சுண்ணாம்பும் பூசியாயிற்று. கிரகப்பிரவேசத்துக்கு நாளும் குறித்தாயிற்று. மயில்வாகனம் மாவிலைத் தோரணம் தருவதாகச் சொன்னான். வரலட்சுமி கோலம் போடுவதாகச் சொன்னாள்.

முந்தின நாள் சாயங்காலம் கங்கையம்மாள் கலெக்டரை எடுத்துப்போக வருவாள் என்று அப்பாதுரை அதே மூங்கில் கூடையைக் கழுவிக் காயவைத்து, வைக்கோல் பரப்பி, மேலே நாலு செம்பருத்தியும் போட்டு வைத்திருந்தான். கூடை தயார். அவன் முகம்தான் தயாராகவில்லை.

அவள் வந்தாள். கூடையைப் பார்த்தாள், தொடவில்லை.

"எடுத்துக்கினு போ. உயிரோட ஒப்படைச்சாச்சு" என்றான் அப்பாதுரை, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"இங்க எதுக்கு ஒப்படைக்கிறே? விலாசத்துல கொண்டாந்து ஒப்படைக்கிறதுதானே உன் வேலை?"

"நாளைக்குக் காலையில பந்தலுக்குக் கொண்டாறேன். வெளியவே வாங்கிக்க."

"பந்தல் போடல."

"அப்ப வாசல்ல."

"அப்பாதுரை தம்பி, புது வூட்டுக்குள்ள எல்லாரும் மாட்டைத்தான் மொதல்ல ஓட்டுவாங்க. எனக்கு மாடும் இல்ல, கன்னும் இல்ல."

அவன் கூடையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். புரிந்ததும் திடுக்கிட்டான். "ஆயா, உனக்குப் பைத்தியமா? புது வூடு! ஊரு இன்னா சொல்லும்?"

"இன்னா சொல்லும்? ஆமையும் அமீனாவும் பூந்த வூடுன்னு சொல்லும். ரெண்டும் மொத நாளே பூந்துட்டா, அப்பால வர்றதுக்கு வேற இன்னா கெட்டது பாக்கி இருக்குது? நானும் கால் நீட்டி நிம்மதியாப் படுப்பேன்."

"நான் அமீனாவே இல்லியே!" என்று இருபது வருஷத்து வழக்கை அவன் கடைசி முறையாக எடுத்தான்.

"எனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியட்டும். அந்த முளையில கழட்டி மாட்டுனியாமே, அந்த மாதிரி பண்ணாதே. டவாலியை நல்லாத் தேச்சுப் பளபளன்னு மாட்டிக்கினு வா. கலெக்டரை ரெண்டு கையாலயும் புடிச்சுக்க. நான் உள்ளேருந்து வாய் நிறையக் கூப்புடுறேன். வலது காலை எடுத்து வெச்சு, நீதான் மொதல்ல உள்ள வரணும்."